'குடும்பம்' எண்டால் எத்தினை பேர்? கிளிநொச்சித் தங்கச்சியின்ர கேள்விக்குப் பதில்

கேள்வி: வணக்கம். விவசாயம் படிச்சிட்டு இப்ப கிளிநொச்சியில ஒரு ஆராய்ச்சி ரீமுக்கு இணைப்பாளரா இருக்கிறன். கிராமத்துக் கிணறு, குடிதண்ணி, சிறுநீரக நோய் மூண்டையும் சேத்துப் பாக்கிற வேலை. ரீமில ஒரு டொக்ரர், ஒரு எஞ்சினியர், மண் விஞ்ஞானப் புரொபசர், சமூகவியல் மிஸ், சற்றலைற் படம் பாக்கிற ஒரு தம்பி இருக்கினம். ஒரு வருசமா மீற்றிங்கில எல்லாரும் தலையாட்டிச்சினம், இப்ப டேற்றாவை ஒண்டாக்கப் பாத்தால் ஒண்டோட ஒண்டு பொருந்துதில்லை. 'பாதிக்கப்பட்ட குடும்பம்' எண்டதுக்கே ஆளுக்கொரு கணக்கு. நான் தொண்ணூறு சொல்லுக்கு விளக்கம் எழுதி குரூப்பில போட்டன், ஒருத்தரும் திறந்தும் பாக்கேல்ல. புரொபசர் "இதென்ன பள்ளிக்கூடமோ" எண்டிட்டார். டேற்றா பதியிற சீற்றையும் அனுப்பியிருக்கிறன். என்ன செய்யிறது? இது என்ர வேலைதானோ எண்டும் தெரியேல்ல.

பதில்: தங்கச்சி, அந்தத் தொண்ணூறு சொல்லுப் பட்டியலை அழிக்க வேண்டாம், ஆனா ஆரும் அதைத் திறந்து படிப்பினம் எண்டு பாத்துக்கொண்டும் இருக்காதேங்கோ. இருபது வருசமா ஒரு சொல்லைப் பாவிச்சுக்கொண்டிருக்கிற டொக்ரர் உங்கட பட்டியலைப் பாத்து அதை மாத்தமாட்டார், மாத்தவும் தேவையில்லை. பிரச்சினை தாற சொல்லு அனேகமாப் பெரிய விஞ்ஞானச் சொல்லா இருக்கிறேல்ல. 'மின்கடத்துதிறன்' எண்டால் விளங்காத ஆள் "அதென்ன" எண்டு கேட்டிடும், அதோட அலுவல் முடிஞ்சுது. ஆனா குடும்பம், கிணறு, வறட்சி, காடு, காரணம், இருக்கிறார், குடிக்கிறார் இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லு, தெரிஞ்சபடியால்தான் ஒருத்தரும் கேக்கிறேல்ல, கேட்டால் தன்னை ஒண்டும் தெரியாத ஆள் எண்டு நினைப்பினமோ எண்ட வெக்கமும் இருக்குத்தானே, அப்பிடியே வடையும் ரீயும் முடிஞ்சு எல்லாரும் வீட்டை போயிடுவினம், பேந்து டேற்றா வரேக்கதான் வெடிக்கும்.

எந்தச் சொல்லை எடுக்கிறது எந்தச் சொல்லை விடுறது எண்டதுக்கு நான் பாவிக்கிறது ஒரே ஒரு கேள்விதான். இந்தச் சொல்லுக்கு நாங்கள் அஞ்சு பேரும் அஞ்சு கருத்து வச்சிருந்தால் சீற்றில ஒரு இலக்கமாவது மாறுமோ? மாறும் எண்டால் இருந்து கதைச்சுத்தான் ஆகவேணும். மாறாது எண்டால் அவையவை தங்கட பாட்டில பாவிக்கட்டும், அதில போய்க் கையை வைக்கிறது விசர் வேலை. உங்கட தொண்ணூறில இந்தக் கேள்விக்குத் தப்பி நிக்கப்போறது ஒரு பத்துப் பன்னிரண்டுதான்.

குடும்பத்தையே எடுப்பம். தருமபுரம், விசுவமடுப் பக்கம் இப்பிடி எத்தினையோ வளவு இருக்கு: முன்னுக்கு வீட்டுத்திட்டத்தில கட்டின வீடு, அதில தாய். பின்னால தகரக் கொட்டில் ஒண்டு போட்டு மகள், மருமகன், ரெண்டு பிள்ளையள். மருமகன் கொழும்பில மேசன் வேலை, மாசத்தில ஒருக்கா வருவார். வளவுக்கு ஒரு கிணறு. பகலில மகள் தன்ர கொட்டிலில சமைப்பா, இரவில தாயின்ர அடுப்பில எல்லாருக்கும் புட்டு அவியும். இது எத்தினை குடும்பம்? விதானையாரிட்ட, அதான் கிராம சேவகரிட்ட, போனால் ரெண்டு எண்டுவார், ஏனெண்டால் குடும்ப அட்டை ரெண்டு. தொகைமதிப்புக் காரர் ஒண்டாச் சமைச்சு ஒண்டாச் சாப்பிடுறவையை ஒண்டா எண்ணுவினம், அப்ப பகலில ரெண்டு, இரவில ஒண்டு! எஞ்சினியருக்கு ஒரு கிணறு, அதால ஒரு பாவனையாளர். டொக்ரருக்கு உண்மையில குடும்பமே தேவையில்லை, இந்தக் கிணத்துத் தண்ணியை ஆர் ஆர் குடிக்கினம் எண்டதுதான் வேணும், அதில மருமகனைச் சேக்கிறதோ விடுறதோ எண்டதே தனிக் கேள்வி. ஒருத்தரும் பிழை இல்லை. அவையவையின்ர வேலைக்கு அவையவையின்ர கணக்குச் சரி. ஆனா உங்கட சீற்றில 'குடும்பம்' எண்டு ஒரே ஒரு நிரல்தான் கிடக்கு.

இதுக்கு மருந்து ஒரு 'சரியான வரைவிலக்கணம்' கண்டுபிடிக்கிறது இல்லை. நிரலைப் பிரிக்கிறது. குடும்ப அட்டை இலக்கம் ஒண்டு, அடுப்பு ஒண்டு, கிணறு ஒண்டு, குடிக்கிற ஆக்கள் ஒண்டு எண்டு நாலாப் போட்டால் ஆரும் ஆருக்கும் விட்டுக்குடுக்கத் தேவையில்லை, பேந்து ஆருக்கு எது வேணுமோ அதை எடுப்பினம். சண்டை எண்டு பாத்தது முக்கால்வாசி அதோட போயிடும்.

இன்னொண்டு, இது வன்னிக்கே உரியது, வெளியில இருந்து வாற ஆலோசகருக்கு லேசில தெரியாது. போமில 'எத்தினை வருசமா இஞ்ச வசிக்கிறியள்' எண்டு ஒரு கேள்வி இருக்கு. ஐயா "பிறந்ததில இருந்து இஞ்சதான்" எண்டு சொல்லுவார், அது அவருக்கு உண்மை, அவற்ற காணி, அவற்ற ஊர். ஆனா 2008, 2009 இல போருக்குள்ள இடம்பெயர்ந்து ஓடி, பேந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில பவுசர் தண்ணி குடிச்சு, அதுக்குப் பிறகு மீள்குடியேறி வந்து, வந்த புதுசில பொதுக்கிணறு, பேந்துதான் இப்பத்தையக் கிணறு. சிறுநீரக நோய் கனகாலம் குடிச்ச தண்ணியோட சேத்துப் பாக்கிற விசயம், அப்ப டொக்ரருக்கு வேணுமானது வசிச்ச வருசம் இல்லை, இந்தக் கிணத்தில குடிச்ச வருசம். 'வசிக்கிறார்' எண்ட ஒரு சொல்லை இவ்வளவு காலமும் ஒருத்தரும் கேள்வி கேக்கேல்ல எண்டால் அந்த நிரல் முழுக்கத் திருப்பி எடுக்கவேண்டி வரும். கஷ்டம்தான், ஆனா இப்ப எடுத்தால் ஒரு மாச வேலை, ரிப்போட் போனாப் பிறகு எடுத்தால் மானம் போற வேலை.

உங்கட சீற்றில நைத்திரேற்று நிரலைப் பாக்கேக்க எனக்குப் பக்கெண்டுது. ஒரு கிணத்துக்கு 12 எண்டு கிடக்கு. 12 என்ன? லீற்றருக்கு மில்லிகிராம் எண்டது சரி, ஆனா நைத்திரேற்றாவோ, இல்லாட்டி நைத்திரேற்றில இருக்கிற நைதரசனாவோ? உலக சுகாதார நிறுவனத்தின்ர வழிகாட்டு அளவு நைத்திரேற்றாக் கணக்குப் பாத்தால் 50, அதையே நைதரசனாக் கணக்குப் பாத்தால் கிட்டத்தட்ட 11. நைதரசன் கணக்கில இருந்து நைத்திரேற்றுக் கணக்குக்குப் போக 4.43 ஆல பெருக்கவேணும். மண் விஞ்ஞானக் காரருக்குப் பசளைக் கணக்கெல்லாம் நைதரசனிலதான், அந்தப் பழக்கத்தில லாப்பும் அப்பிடியே குடுத்திருக்கும். குடிதண்ணிப் பக்கம் நிக்கிற ஆக்கள் கனபேர் நைத்திரேற்றாத்தான் எழுதுவினம். உங்கட 12 நைத்திரேற்று எண்டால் அந்தக் கிணத்தில பயமில்லை. 12 நைதரசன் எண்டால் அது 53, அளவைத் தாண்டிப்போச்சு, அந்த வீட்டில கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணியில மாக்கரைச்சுக் குடுக்கக்கூடாது. அந்த 50 எண்ட அளவே போத்தல்பால் குடிக்கிற குழந்தையளைப் பாதுகாக்கத்தான் வச்சது. ரெண்டு பேரும் 'நைத்திரேற்று' எண்டுதான் வாயால சொல்லுவினம், தமிழிலயும் அப்பிடித்தான் இங்கிலிசிலயும் அப்பிடித்தான், மீற்றிங்கில வித்தியாசமே கேக்காது. இண்டைக்கே லாப்புக்கு ஒரு கோல் எடுங்கோ.

புரொபசரை எப்பிடி வழிக்குக் கொண்டுவாறது எண்டு கேட்டால், இந்த 12 ஐத்தான் கொண்டுபோவன். "சேர், சொல்லுகளை ஒருக்காச் சரிபாப்பம்" எண்டு போனால் பள்ளிக்கூடம் எண்டுதான் சொல்லுவார். "சேர், இந்த 12 க்கு என்ன எழுதுறது, டொக்ரர் கேக்கிறார்" எண்டு போனால் அவரே கதிரையை இழுத்துப்போட்டு இருப்பார். பெரிய ஆக்களுக்கு வரைவிலக்கணம் எண்டால் அலுப்பு, இலக்கம் எண்டால் அக்கறை. உங்கட வயசுக்கும் பதவிக்கும் அவரைத் திருத்தப் போன மாதிரியும் இராது, அவரிட்டக் கேக்கப் போன மாதிரித்தான் இருக்கும், உண்மையும் அதுதானே.

எல்லாத்துக்கும் ஒரே கருத்து வேணும் எண்டும் இல்லை, இதைக் கனபேர் விளங்காமல் மாதக்கணக்காக் கூட்டம் வைக்கினம். இரணைமடுக் குளத்தை எடுங்கோ. கிளிநொச்சியில ரீக்கடையில இருக்கிற ஆள்கூட "குளம் எத்தினை அடி" எண்டுதான் கேக்கும். கமக்காரருக்கு அந்த அடி எண்டால் இந்தமுறை சிறுபோகம் எத்தினை ஏக்கர் விதைக்க விடுவினம் எண்டது. எஞ்சினியருக்கு அது ஏக்கர் அடிக் கொள்ளளவும் வான்கதவை எப்ப திறக்கிறது எண்டதும். முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கச் சனத்துக்கு 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு அது இரவு நித்திரை கொள்ளலாமோ எண்ட கேள்வி. குளத்தில மீன்பிடிக்கிறவைக்கு வேற கணக்கு. இவ்வளவு பேரும் ஒரே அளவுகோலைப் பாத்து வேற வேற கருத்து எடுக்கினம், ஆனா 36 அடி வந்தால் குளம் நிரம்பீட்டுது எண்டதில ஒருத்தருக்கும் சண்டை இல்லை. இப்பிடியான பொதுப் பொருளைப் பற்றி 1989 இல சூசன் லீ ஸ்ரார், ஜேம்ஸ் கிறிசெமர் எண்டு ரெண்டு பேர் கலிபோர்னியாவில ஒரு விலங்கியல் அருங்காட்சியகத்தை வச்சு எழுதினவை. பொறிவச்சுப் பிடிக்கிறவை, பொழுதுபோக்காச் சேகரிக்கிறவை, விஞ்ஞானியள், நிர்வாகம் எல்லாம் ஒரே மிருகத்தைப் பற்றி வேற வேற மாதிரி நினைச்சுக்கொண்டே ஒண்டா வேலை செய்ய ஏலும், அவைக்கு நடுவில எல்லாரும் தொடக்கூடிய ஒரு படிவமோ வரைபடமோ லேபலோ இருந்தால் காணும் எண்டது அவையின்ர கருத்து. உங்கட ரீமுக்கு அது அந்தக் கிணத்து இலக்கம். ஒவ்வொரு கிணத்துக்கும் ஒரே இலக்கம், ஒரே ஜிபிஎஸ் புள்ளி, அதை மட்டும் எல்லாரும் இறுக்கிப் பிடியுங்கோ, மிச்சம் எவ்வளவோ தளர விடலாம்.

வறட்சியையும் அப்பிடி விடலாம் எண்டுதான் நினைக்கிறன். 1985 இல வில்கைற், கிளான்ற்ஸ் எண்ட ரெண்டு பேர் தேடிப் பாத்து வறட்சிக்கு நூற்றைம்பதுக்கு மேல வரைவிலக்கணம் இருக்கெண்டு கண்டு, மழை குறைஞ்ச வறட்சி, பயிர் வாடுற வறட்சி, குளம் கிணறு வத்துற வறட்சி, சனத்தின்ர சீவியத்தைத் தாக்கிற வறட்சி எண்டு நாலாப் பிரிச்சவை. அவையே ஒண்டாக்கேல்ல. நீங்கள் எந்த வறட்சி எண்டு முன்னுக்கு ஒரு சொல்லுச் சேத்து எழுதினால் போதும்.

காடு கொஞ்சம் பாரதூரமானது. சற்றலைற் தம்பி உலக உணவு விவசாய அமைப்பின்ர அளவை வச்சிருப்பார், அரை ஹெக்ரயருக்கு மேல, மரம் அஞ்சு மீற்றருக்கு மேல வளரக்கூடியது, விதானம், அதாவது மரத்தின்ர கொப்பும் இலையும் நிலத்தை மூடுறது, பத்து வீதத்துக்கு மேல. அந்த அளவால பாத்தால் இருபது வருசம் ஆளில்லாமல் கிடந்த மேட்டுக்காணியும் பச்சையாத்தான் தெரியும். காணிக்காரருக்கு அது "என்ர காணி, பத்தை பிடிச்சுக் கிடக்கு". வன்னியில இந்த ரெண்டு சொல்லுக்கும் நடுவில எத்தினை கச்சேரி அலைச்சல் இருக்கெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரிப்போட்டில 'காடு' எண்டு ஒரு வரைபடம் போய் அதை வேற ஆரும் வேற அலுவலுக்கு எடுத்தால் அந்தச் சனத்துக்குத்தான் அடி. 'மரமூட்டம்' எண்டோ 'பச்சை மூடின நிலம்' எண்டோ போடச் சொல்லுங்கோ, தம்பி மறுக்கமாட்டார், அவர் அளக்கிறதும் உண்மையில அதைத்தான்.

அடுத்தது, ரீமுக்குத் தீர்மானிக்க உரிமையே இல்லாத சொல்லும் இருக்கு. போமில 'குடும்பத் தலைவர்', 'கணவனை இழந்தவர்' எண்டு பெட்டி போட்டிருக்கிறியள். கிளிநொச்சியில 2017 மாசி 20 இல தொடங்கின காணாமல் ஆக்கப்பட்டோரின்ர உறவுகளின்ர போராட்டம் உங்களுக்குத் தெரியாததில்லை. மனுசன் காணாமல் ஆக்கப்பட்ட ஒரு அம்மாவை அந்தப் பெட்டிக்குள்ள ரிக் பண்ணச் சொல்லிக் கேக்கிறது உங்கட ஆராய்ச்சிக்கும் உதவாது, மனுசத்தனமும் இல்லை. சமூகவியல் மிஸ்ஸோட இருந்து அந்தக் கேள்வியே தண்ணி ஆராய்ச்சிக்குத் தேவையோ எண்டு பாருங்கோ. தேவையெண்டால் அவ தன்ர வாயால என்ன சொல்லுறாவோ அதை அப்பிடியே எழுதுற இடமா வையுங்கோ, பெட்டி வேண்டாம். இதில டொக்ரர் "கணக்கெடுக்க வசதியா இராது" எண்டு சொன்னாலும் விட்டுக்குடுக்காதேங்கோ.

'காரணம்' எண்ட சொல்லுக்கு ஒரு முழு மீற்றிங் வையுங்கோ. இந்தச் சிறுநீரக நோய் 1990களில வடமத்தியில கண்டுபிடிக்கப்பட்டு, பேந்து வவுனியா, முல்லைத்தீவுப் பக்கமும் காணப்பட்டு, இண்டைவரைக்கும் காரணம் இதுதான் எண்டு அறுதியா முடிவாகேல்ல, பேரிலயே 'காரணம் அறியப்படாத' எண்டு இருக்கு. தண்ணியின்ர கடினத்தன்மை, புளோரைட்டு, விவசாய மருந்து, வெயிலில நிண்டு உடம்பில நீர் வத்துறது எண்டு பல கருத்து. இந்த நிலைமையில உங்கட அஞ்சு பேரும் 'காரணம்' எண்டு சொல்லேக்க ஒவ்வொருத்தரும் எவ்வளவு சான்று கேக்கினம் எண்டது தெரியாமல் கட்டுரை எழுதத் தொடங்கினால் கடைசிப் பக்கத்தில சண்டைதான். அமெரிக்காவில ஐடாகோப் பல்கலைக்கழகத்தில தொடங்கின ஒரு முறை இருக்கு, 'ரூல்பொக்ஸ்' எண்டு சொல்லுவினம். கேள்வி கேக்கிறேல்ல, ஒரு வசனத்தை எழுதிக் குடுத்து, அதை ஒத்துக்கொள்ளுறியளோ எண்டு ஒண்டில இருந்து அஞ்சு வரை புள்ளி போடச் சொல்லுறது, பேந்து அதை வச்சுக் கதைக்கிறது, கதைச்சு முடிய திரும்பவும் புள்ளி போடுறது. உங்களுக்கு நான் எழுதித் தாற வசனம்: "ஒரு வருசக் கிணத்து டேற்றா இருந்தால் தண்ணிதான் காரணம் எண்டு சொல்லலாம்." துண்டில எழுதி ஒருதருக்கும் காட்டாமல் மடிச்சுத் தரச்சொல்லுங்கோ, முதல்ல புரொபசர் வாயைத் திறந்தால் மற்ற எல்லாரும் அவற்ற புள்ளியைத்தான் போடுவினம். துண்டுகளைப் பிரிச்சு மேசையில பரப்பினால் ஒருத்தர் ஒண்டு போட்டிருப்பார், இன்னொருத்தர் நாலு. ஒரு வருசமா வராத கதை அப்ப வரும்.

பெரிய ஆக்களை இவ்வளவு சொல்லிப்போட்டு போம் நிரப்புற பிள்ளையளை விடக்கூடாது. ஏலெவல் முடிச்ச ஊர்ப் பிள்ளையள்தான் வீடு வீடாப் போகுதுகள், உங்கட சொல்லுக்கு உண்மையான கருத்தைக் குடுக்கிறது அதுகள்தான். ஏதும் சொல்லை முடிவெடுத்தால் ரெண்டு பிள்ளையளை ஒரே மூண்டு வளவுக்குத் தனித்தனியா அனுப்பி நிரப்பிக்கொண்டு வரச்சொல்லுங்கோ. ரெண்டு போமும் ஒத்துவந்தால் உங்கட சொல்லு சரி. ஒத்துவரேல்ல எண்டால் பிள்ளையளைப் பேசாதேங்கோ, விளக்கத்தைத் திருத்துங்கோ. அந்த மூண்டு வளவில ஒண்டு நான் மேல சொன்ன கொட்டில் வளவு மாதிரிச் சிக்கலானதா இருக்கட்டும். 'மாதிரி' எண்டு எழுதின இடத்தையும் ஒருக்காப் பாருங்கோ, சாம்பிளுக்கும் அதுதான் மொடலுக்கும் அதுதான் எண்டு கிடக்கு, எங்கட பாடப்புத்தகத்தில மொடலுக்கு 'மாதிரியுரு' எண்டு இருக்கு, அதைப் போடுங்கோ.

கிணத்துத் தண்ணிக்கும் அப்பிடித்தான். சனம் 'உப்பு', 'சவர்', 'கல்லுத்தண்ணி' எண்டு நாக்கால பிரிக்கும். பிள்ளையள் எல்லாத்தையும் 'உப்பு' எண்டு எழுதிக்கொண்டு வந்தால் டொக்ரர் சோடியம் எண்டு நினைப்பார், ஆனா கேத்திலில படியிற வெள்ளைக் கல்லு கல்சியமும் மக்னீசியமும். சனம் சொன்ன சொல்லை ஒரு நிரலில அப்பிடியே, லாப் அளவை பக்கத்து நிரலில.

முடிவெடுத்த சொல்லை எங்க வைக்கிறது எண்டால், தனிப் பட்டியலில வேண்டாம், அதுதானே ஒருத்தரும் திறக்கேல்ல. சீற்றில நிரலின்ர தலைப்பிலயே, அந்தப் பெட்டியில கிளிக் பண்ணினால் விளக்கம் வாற மாதிரி. எப்ப முடிவெடுத்தது, ஆர் ஆர் இருந்தவை எண்ட திகதியும் பேரும் அதிலயே. டொக்ரரும் எஞ்சினியரும் மாற்றலாகிப் போற ஆக்கள், அடுத்த வருசம் வாறவர் "இதேன் இப்பிடி" எண்டு கேப்பார், அப்ப நீங்களும் இல்லாமல் இருக்கலாம். பழைய டேற்றாவை அழிச்சு எழுதாதேங்கோ, பழைய நிரலை அப்பிடியே விட்டிட்டுப் பக்கத்தில புதுசு போடுங்கோ.

இது உங்கட வேலையோ எண்டு கேட்டிருக்கிறியள். ஓம், உங்கட வேலைதான், ஆனா ரீ ஊத்துற வேலை மாதிரி பேரில்லாமல் செய்யாதேங்கோ. கட்டுரை எழுதேக்க முறையியல் பகுதியில இந்த நிரல் விளக்கமெல்லாம் ஒரு அட்டவணையா வரும், வரவேணும், அதை எழுதப்போறது நீங்கள்தான். இப்பக் கனக்க ஆராய்ச்சிச் சஞ்சிகைகள் ஆர் என்ன செய்தது எண்டு கேட்டு வாங்கிப் போடுது, 'கிரெடிட்' எண்டு பதினாலு வகைப் பங்களிப்புப் பட்டியல் இருக்கு, அதில முறையியலும் டேற்றாப் பராமரிப்பும் தனித்தனி வகை. அந்த ரெண்டுக்கும் நேர உங்கட பேர் வருமோ எண்டு புரொபசரிட்ட இப்பவே, கட்டுரை தொடங்க முதலே கேளுங்கோ. நேர கேக்கக் கூச்சமா இருந்தால் சமூகவியல் மிஸ்ஸைக் கொண்டு கேப்பியுங்கோ, உங்கட கடிதத்தைப் பாத்தால் அவ உங்கட பக்கம் நிக்கிற ஆள் போலத்தான் தெரியுது.